வலிக்கு மருந்து வந்த வழி: மட்டாஞ்சேரிக் கடைவீதியில் தொடங்கும் ஒரு வரலாறு

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்’ என்பது நம் பழமொழி. அடுத்தவர் வலியை நாம் பார்க்க முடியாது, எடை போட முடியாது, படி வைத்து அளக்கவும் முடியாது. நாற்பது வருடமாகக் கொச்சியில் மிளகும் வற்றலும் நிறுத்துப் பிழைக்கிறவன் நான். அளக்க முடியாத ஒரு பொருளைப் பற்றி எழுத வந்திருப்பது எனக்கே சற்று வேடிக்கைதான். ஆனாலும் நம் சங்க மலருக்கு இந்தப் பொருளை நானே விரும்பி எடுத்துக்கொண்டேன். வலியின் சரித்திரத்தில் நாம் குடியிருக்கும் இந்தப் போர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் ஒரு பங்கு உண்டு. நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நடைமுறைச் செய்தி ஒன்றும் அதில் இருக்கிறது.

இந்தத் துறைமுகத்தில் இறங்கிய இரண்டு சரக்குகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று மிளகாய், இன்னொன்று அபினி. ஒன்று எரியவைக்கும், மற்றொன்று எரிச்சலை அணைக்கும். உடம்பில் வலி எப்படிப் பிறக்கிறது, எப்படி அடங்குகிறது என்று இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது இந்த இரண்டு சரக்கையும் பின்தொடர்ந்து போய்த்தான்.

1. கப்பல் முளகும் கறுப்பும்

மிளகு நம் மண்ணின் பொருள். மிளகாய் அப்படியல்ல. அமெரிக்கக் கண்டத்துச் செடியான அதைப் பதினாறாம் நூற்றாண்டில் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். பழைய மலையாளத்தில் அதற்குக் ‘கப்பல் முளகு’ என்றும் ‘பறங்கி முளகு’ என்றும் பெயர். நாம் ‘மிளகு போன்ற காய்’ என்ற பொருளில் மிளகாய் என்றோம். பெயரைப் பார்த்தாலே அது வந்தேறி என்று தெரிந்துவிடும்.

அபினி அதற்கும் முன்பே வந்துவிட்டது. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபினி. சாறு என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அரபியில் அஃப்யூன் ஆகி, நம்மிடம் அபின், அபினி ஆயிற்று. மலையாளத்தில் அதன் நிறத்தை வைத்துக் ‘கறுப்பு’ என்றே சொல்லுவாங்க. கண்ணூரிலும் கொச்சியிலும் போர்த்துக்கீசியர்களிடம் எழுத்தராக இருந்த துவார்த்தே பார்போசா 1516 வாக்கில் எழுதிய நூலில், மலபார்ச் சந்தைச் சரக்குகளுக்கு நடுவே ஏடனிலிருந்து வரும் அபினியையும் காம்பேயில் தயாராகும் அபினியையும் தனித்தனியே குறிக்கிறார். 1513-இல் அஃபோன்ஸோ டி அல்புகெர்க் தம் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், போர்த்துக்கல் வயல்களில் கசகசா பயிரிட்டால் இங்கே நல்ல லாபத்துக்கு விற்கலாம், இந்த நாட்டு மக்கள் அது இல்லாமல் இருக்க மாட்டார்கள் என்ற கருத்தில் யோசனை சொல்கிறார். வியாபாரி என்ற முறையில் எனக்கு இது நன்றாகவே புரிகிறது. ஒரு தரம் வாங்கியவன் மறுபடியும் வந்தே தீருவான் என்றால், அதைவிடச் சௌகரியமான சரக்கு ஏது?

2. கொச்சி மருத்துவர் கண்ட காட்சி

இந்த இடத்தில் நம் ஊர் நேரடியாக வருகிறது. 1569-இல் கொச்சியிலிருந்த போர்த்துக்கீசிய அரசு மருத்துவமனைக்கு மருத்துவராக நியமிக்கப்பட்டவர் கிறிஸ்டோவோ டா கோஸ்டா. இந்நாட்டு மருந்துச் சரக்குகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1578-இல் ஸ்பெயினின் பூர்கோஸ் நகரில் அச்சாயிற்று. கோவாவில் இருந்த கார்சியா டா ஓர்ட்டாவின் 1563-ஆம் ஆண்டு நூலை அவர் பெரிதும் பின்பற்றினாலும், தம் கண்ணால் கண்டதையும் சேர்த்தார்.

அதில் ஒரு நிகழ்ச்சி. அவர் இந்தியாவிலிருந்து நன்னம்பிக்கை முனை சுற்றிப் போர்த்துக்கல் திரும்பிய கப்பலில் துருக்கியரும் அரபியருமான சில கைதிகள் இருந்தார்கள். அவர்கள் அபினியை ஒளித்து வைத்துத் தின்றுவந்தார்கள். நடுக்கடலில் அது தீர்ந்துபோனது. இனிக் கிடைக்காவிட்டால் இரண்டொரு நாளில் செத்துவிடுவோம் என்று அவர்களில் ஒருவன் மருத்துவரிடம் வந்து முறையிட்டான். கப்பலில் அபினி இல்லை. டா கோஸ்டா திராட்சை மதுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துச் சமாளித்தார். ஒருவரும் சாகவில்லை, ஒரு மாதத்தில் அபினியின் தேவையும் இல்லாமல் போயிற்று என்று எழுதுகிறார்.

பழகிய உடம்புக்கு அபினி திடீரென்று நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றிய பழைய மருத்துவக் குறிப்புகளில் இது ஒன்று. ஒரு செடியின் பால் மனித உடம்பில் இத்தனை ஆழமாக எப்படி இடம்பிடிக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை வர அதன்பின் நானூறு ஆண்டு ஆயிற்று.

1663-இல் கொச்சிக் கோட்டை டச்சுக்காரர் கைக்குப் போனது. மலபார் அரசர்களோடு டச்சுக் கம்பெனி செய்த ஒப்பந்தங்களில் மிளகு தங்களுக்கே விற்கப்பட வேண்டும் என்பதோடு, அபினியைத் தங்களைத் தவிர வேறு யாரும் இறக்கக் கூடாது என்ற கருத்தும் இருந்தது. மிளகு போகும் வழியிலேயே அபினி வந்தது. பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் வங்காள அபினியும் மால்வா அபினியும் சீனாவுக்குப் போன கதையும், 1839-இல் தொடங்கிய போரும் எல்லோரும் பள்ளியில் படித்தவை. மால்வா அபினியில் பணம் போட்டவர்களில் மேற்கிந்தியச் சமண வணிகர்களும் உண்டு. எங்கள் சமயத்தார் என்பதற்காக அதை விட்டுவிட்டு எழுதினால் அது வரலாறு ஆகாது.

3. பூட்டைத் தேடிய கதை

1805-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் ஸெர்ட்யூர்னர் என்ற இளம் மருந்துக்கடைப் பணியாளர் அபினியிலிருந்து அதன் சாரத்தைத் தனியே பிரித்தார். கனவுத் தெய்வம் மார்ஃபியஸின் பெயரால் அது மார்பின் ஆயிற்று. மருந்து கைக்கு வந்துவிட்டது. ஆனால் அது உடம்பில் எங்கே வேலை செய்கிறது என்று தெரியவில்லை.

எங்கள் தொழிலில் முன்பெல்லாம் தரகர்கள் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரல்களால் விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் அந்த விரல் சொல்லும் விலை, பிடித்திருக்கும் கைக்கு மட்டும்தான் தெரியும். உடம்பிலும் இதே ஏற்பாடுதான். ஒரு நரம்பணு ஒரு பொருளைச் சுரக்கிறது. அதைப் பிடிக்கத் தெரிந்த கை எந்த அணுவின் மேல் இருக்கிறதோ அந்த அணுவுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். இந்தக் கைக்கு ‘ஏற்பி’ என்று பெயர். செய்தியைச் சுமக்கும் பொருள் சில அமினோ அமிலங்கள் மணிபோலக் கோத்த சிறு சரமாக இருந்தால் அது நியூரோபெப்டைடு, தமிழில் நரம்புப் பெப்டைடு.

1973-இல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் ஆகியோரும், அதே ஆண்டில் தனித்தனியே எரிக் சைமன், ஸ்வீடனின் லார்ஸ் டெரேனியஸ் ஆகியோரும் மூளையில் அபினி வகைப் பொருள்களைப் பிடிக்கும் ஏற்பி இருப்பதை நிறுவினார்கள். உடனே ஒரு சந்தேகம். கசகசாச் செடியின் பாலுக்காக மனித மூளை ஏன் பூட்டுச் செய்து வைத்திருக்க வேண்டும்? அப்படியானால் அந்தப் பூட்டுக்கு உடம்புக்குள்ளேயே ஒரு சாவி இருக்க வேண்டும் அல்லவா?

இருந்தது. 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹ்யூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து ஐந்தே அமினோ அமிலம் கொண்ட இரண்டு பெப்டைடுகளைப் பிரித்தார்கள். அவற்றுக்கு என்கெஃபலின் என்று பெயர். அடுத்த ஆண்டு சோ ஹாவ் லீ ஒட்டகத்தின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து 31 அமினோ அமிலம் கொண்ட பீட்டா எண்டார்ஃபினை அடையாளம் கண்டார். எண்டார்ஃபின் என்றால் உள்ளிருந்தே பிறக்கும் மார்பின். 1979-இல் டைனார்ஃபின் வந்தது. ஏற்பியும் ஒன்றல்ல என்று தெரிந்தது. மியூ, டெல்டா, காப்பா என்று வகைகள். மார்பின் பெரும்பாலும் பிடிப்பது மியூவை. 1996-இல் மியூ ஏற்பி இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது, அவற்றுக்கு மார்பின் கொடுத்தும் வலி தணியவில்லை. டா கோஸ்டாவின் கப்பலில் தவித்த கைதிகளின் நோய் இருந்த இடம் இதுதான். வெளியிலிருந்து சாவி வந்துகொண்டே இருந்ததால் உள்ளே பூட்டின் தன்மையே மாறிப்போயிருந்தது.

பன்றி, எலி, ஒட்டகம் என்று எழுதும்போது என் போன்ற சமணனுக்குக் கை தயங்கத்தான் செய்கிறது. இந்த அறிவுக்கு வாயில்லாத உயிர்கள் விலை கொடுத்திருக்கின்றன. அந்த விலையையும் கணக்கில் எழுதிவைப்பதுதான் நியாயம்.

4. மிளகாய் காட்டிய கதவு

இனி எரிச்சலின் பக்கம். 1931-இல் ஆய்லர், காடம் என்ற இருவர் குதிரையின் மூளையிலும் குடலிலும் இருந்து ஒரு பொருளைப் பிரித்தார்கள். அந்தத் தூளுக்கு ‘பி பொருள்’ என்றே பெயர் நின்றுவிட்டது. அது 11 அமினோ அமிலம் கொண்ட பெப்டைடு என்பதைச் சூசன் லீமன் குழுவினர் 1970-ஐ ஒட்டி வெளிப்படுத்தினார்கள். அடிபட்ட இடத்திலிருந்து தண்டுவடத்துக்கு வரும் நரம்பு, அங்கே வலிச் செய்தியை அடுத்த நரம்புக்குக் கைமாற்றும்போது சுரக்கும் பொருள்களில் இது ஒன்று.

மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் வற்றல் தரம் பிரிக்கும் பெண்களைக் கேட்டால் ஒன்று சொல்லுவாங்க. புதிதாக வருகிறவளுக்குக் கை நெருப்பாக எரியும், பழகப் பழக அந்த எரிச்சல் குறைந்துவிடும். இது வெறும் மனத்துணிவு அல்ல. மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் வலி நரம்பின் முனையைத் திறந்து பி பொருளைக் கொட்டவைக்கிறது. மேலும் மேலும் பட்டால் நரம்புமுனை ஓய்ந்துபோகிறது. காப்சைசின் களிம்பு வலி மருந்தாவது இந்த வழியில்தான். அது திறக்கும் கதவை 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டார்கள். ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டிலும் அதே கதவு திறக்கிறது. 2021-இல் ஆர்டெம் பட்டபூட்டியனோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் மிளகின் பைப்பரினும் அந்தக் கதவைத் திறக்கக்கூடியதே. தீ பட்டாலும் ‘எரியுது’, மிளகாய் பட்டாலும் ‘எரியுது’ என்று ஒரே சொல்லைத் தமிழ் எப்போதோ வைத்துவிட்டது!

இரண்டு சரக்கும் சந்திக்கும் இடம் தண்டுவடம். அபினி வகை மருந்து, வலி நரம்பிலிருந்து பி பொருள் வெளியாவதைத் தடுக்கிறது என்று 1977-இல் ஜெஸ்ஸெல், ஐவர்சன் ஆகியோர் காட்டினார்கள். செய்தி எழுதியாகிவிட்டது, ஆனால் தபாலில் சேரவில்லை என்பதுபோல. 2000-இல் இன்னொரு வியப்பு. பி பொருளின் ஏற்பி இல்லாத எலிகள், மற்ற எலிகளைப் போல மார்பினின் சுகத்தை நாடிப் போகவில்லை. வலி தணிப்பதும் மயக்கித் தன்பால் இழுப்பதும் வெவ்வேறு கணக்குகள் என்பதற்கு இது ஒரு சாட்சி.

எங்கள் நூல்களில் இன்ப துன்ப உணர்வைத் தரும் வினைக்கு வேதநீயம் என்று பெயர். அதற்குச் சொல்லும் உவமை, வாளின் முனையில் தடவிய தேனை நக்குவது. மார்பினை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த உவமைதான் ஞாபகம் வரும். வாள்முனையும் தேனும் இரண்டும் உண்மை. இரண்டையும் தெரிந்து கையாளுபவர்தான் வைத்தியர்.

5. ஒருவருக்குக் கேட்பது மற்றவருக்கு ஏன் கேட்பதில்லை?

ஒரே நோய், ஒரே மருந்து. ஒருவருக்கு ஐந்து மில்லிகிராமில் வலி அடங்குகிறது, இன்னொருவருக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டியிருக்கிறது. ஏன்?

ஒரு காரணம், மார்பினுக்கு எதிர்வேலை செய்யும் பெப்டைடுகளும் நம் உடம்பிலேயே இருப்பது. பித்தப்பையைச் சுருக்கும் குடல் சுரப்பாக முதலில் அறியப்பட்ட கொலிசிஸ்டோகைனின் மூளையிலும் தண்டுவடத்திலும் உண்டு. அது மார்பினின் வேலையைக் குறைக்கிறது. 1985-இல் மாட்டின் மூளையிலிருந்து பிரிக்கப்பட்ட நியூரோபெப்டைடு எஃப்.எஃப். என்பதும் அந்த வகையே. மார்பின் தொடர்ந்து வரும்போது உடம்பு இந்த எதிர்ச்சரக்கைக் கூட்டுகிறது, நாளடைவில் அதே அளவு போதாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது ஒரு விளக்கம். மியூ ஏற்பியின் மரபணுவில் ஆளுக்கு ஆள் இருக்கும் சிறு வேறுபாடுகளும் ஆராயப்பட்டிருக்கின்றன. அவற்றின் விளைவு சிறிதே, எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவும் இல்லை.

இன்னொன்று, மனம். 1978-இல் பல் பிடுங்கியவர்களிடம் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் நடத்திய ஆய்வு புகழ்பெற்றது. மருந்தே இல்லாத ஊசியைப் போட்டும் சிலருக்கு வலி குறைந்தது. மார்பின் ஏற்பியை அடைக்கும் நலோக்சோனைக் கொடுத்ததும் அந்த நிவாரணம் மங்கியது. அதாவது ‘மருந்து போட்டாச்சு’ என்ற நம்பிக்கை, உள்ளிருக்கும் எண்டார்ஃபினைத் திறந்துவிட்டிருந்தது. மறுபுறம், ‘இனி வலிக்கும்’ என்ற பயத்தில் கொலிசிஸ்டோகைனின் வேலை செய்து வலியைக் கூட்டுகிறது என்று பின்னாளில் இத்தாலியின் பெனெடெட்டி காட்டினார். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வது வெறும் சம்பிரதாயம் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

இந்த அறிவு எல்லாம் உடனே மருந்தாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பி பொருளின் ஏற்பியை அடைத்தால் வலி போய்விடும் என்று நம்பி மருந்துகள் செய்தார்கள். விலங்குகளிடம் பலித்தது மனிதரிடம் பலிக்கவில்லை. ஆனால் அதே வகை மருந்தான அப்ரெபிட்டன்ட், புற்றுநோய் மருந்தால் வரும் கடும் வாந்தியை நிறுத்துவதாக 2003-இல் பயனுக்கு வந்தது. பி பொருளோடு ஒரே நரம்பில் குடியிருக்கும் சி.ஜி.ஆர்.பி. என்ற பெப்டைடைக் குறிவைத்த ஒற்றைத் தலைவலி மருந்துகள் 2018-இல் வந்தன.

6. சட்டமும் கேரளமும்

அபினிப் பாலை அரசு உரிமத்தோடு எடுத்து உலகுக்கு விற்கும் நாடு நம் இந்தியா. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் பயிர், காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசுத் தொழிற்சாலை. அப்படியிருந்தும் நம் நாட்டுப் புற்றுநோயாளிக்கு மார்பின் கிடைக்காத காலம் ஒன்று வந்தது. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையாக வந்தபின், பல உரிமங்களும் பெரும் தண்டனையும் சேர்ந்து மருத்துவமனைகளைப் பயமுறுத்தின. ஆண்டுக்குச் சில நூறு கிலோவாக இருந்த மருத்துவ மார்பின் பயன்பாடு 1997-இல் 18 கிலோவாகச் சுருங்கியது. தொண்ணூறு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்குப் பதினெட்டே கிலோ! என் பண்டகசாலையில் ஒரு அரைமூட்டை ஏலக்காய்கூட அதைவிட அதிகம் நிற்கும்.

இதன் பொருள் என்ன என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். 1994-இல் வந்தவாசிப் பக்கம் எங்கள் கிராமத்தில் என் பெரிய அண்ணன் தாடையில் புற்று வந்து கிடந்தார். நாங்கள் அணுகிய மருத்துவமனையில் மார்பின் வைப்பதே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சாதாரண வலி ஊசிதான். கடைசி ஆறு வாரம் அவர் படுத்துத் தூங்கவில்லை, சுவரில் சாய்ந்தபடியே இருந்தார். பதினேழு வருடம் கழித்து 2011-இல் என் மாமியாருக்கு அதே போன்ற நோய். அவர் இருந்தது மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில். வீட்டுக்கே வந்த செவிலியர் பத்து மில்லிகிராம் மாத்திரையும், மலச்சிக்கலுக்கு ஒரு மருந்தும் கொடுத்து, வேளை தவறாமல் கொடுக்கச் சொல்லிக் காட்டினார். மாமியார் பேத்திக்குத் தலை பின்னிவிட்டார், ராத்திரி தூங்கினார், போகும் நாளில் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நோய் ஒன்றுதான். மாறியது ஊரும் காலமும்.

அந்த மாற்றம் தானாக வரவில்லை. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் வலி நிவாரண, சாந்துவனச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மாநிலங்கள் மார்பின் விதிகளை எளிதாக்கலாம் என்று மத்திய அரசு 1998-இல் சொன்னபோது, முன்னால் வந்த மாநிலங்களில் கேரளம் ஒன்று. 2003-இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா அமைப்பு பிறந்தது. 2008-இல் சாந்துவன சிகிச்சைக்கென்று அரசுக் கொள்கையை இந்தியாவில் முதலில் அறிவித்ததும் கேரளமே. உள்ளாட்சிகள் வழியாகச் செவிலியர் வீடு தேடி வரும் முறை அதில் வேரூன்றியது. 2014-இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி, மார்பின் உட்பட ஆறு மருந்துகளுக்கு நாடு முழுதும் ஒரே மாதிரி எளிய விதியைக் கொண்டுவந்தது.

7. நம் குடும்பங்களுக்கு

சட்டம் இளகியும் இளகாத ஒன்று நம் மனதில் இருக்கிற பயம். ‘மார்பின் ஆரம்பிச்சா கதை முடிஞ்சுது’, ‘அடிமை ஆயிடுவாங்க’ என்று நோயாளியின் காதுபடவே பேசுகிறோம். உண்மையான வலிக்குத் தகுந்த வைத்தியர் அளவறிந்து கொடுக்கும்போது அது சாவைக் கூப்பிடும் மருந்து அல்ல. உடம்பு பழகுவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. பழகிய உடம்புக்குத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பதற்கு டா கோஸ்டாவின் கப்பலே பாடம். நாமாகக் கூட்டுவதும் கூடாது, அளவு மீறினால் மூச்சு அடங்கும். பூட்டி வைக்க வேண்டிய மருந்துதான், ஆனால் தேவைப்படும் வேளையில் பூட்டைத் திறக்கவும் வேண்டும்.

நம்மில் பலருக்குப் பெற்றோர் ஊரில், நாம் இங்கே. ஊரில் யாருக்காவது ஆறாத நோய் வந்தால், ‘வலிக்கு என்ன கொடுக்கறீங்க? சாந்துவன சிகிச்சை எங்கே கிடைக்கும்?’ என்ற இரண்டு கேள்விகளை வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள். தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகளில் இப்போது இதற்கு வழி இருக்கிறது. கேட்பவர்தான் குறைவு.

தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்தும்போது, முதல் அறிவாக வைப்பது தொடுவுணர்வை. எங்கள் சமண நூல்களின் வரிசையும் அதிலிருந்தே தொடங்கும். புல்லுக்கும் உண்டு, புலவனுக்கும் உண்டு. எல்லா உயிருக்கும் பொதுவான அந்த முதல் அறிவின் வழியாகத்தான் வலியும் வருகிறது. ஐந்து அமினோ அமிலச் சரத்தின் கணக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘வலிக்குது’ என்று ஒருவர் சொன்னால் அதை முதலில் நம்புவோம். மருந்து அதற்கு அடுத்த படி.